எழுதிய அளவே செல்லும்

ஆகஸ்ட் 5, திங்கள்

மகிழினி பிறந்து எண்பத்தொன்பது நாள். இன்று மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டேன். சேர்ந்தேன் என்றால் ஆபீஸுக்குப் போகவில்லை; எஞ்சினியர் சென்னியப்பன் சார் லேப்டாப்பை வீட்டுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார். தையல் மெஷினை மூடி அதன்மேல் லேப்டாப். தொட்டில் கயிறு என் வலது கால் கட்டைவிரலில். கல்லூரியில் நான்கு வருடம் சிவில் படித்தபோது இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

இந்த நோட்டு மகிழினி பால் குடித்த நேரம், ஒன்றுக்குப் போன நேரம் எழுதுவதற்காக என் கணவர் நவநீதன் வாங்கி வந்தது. நேரங்களுக்கு நடுவே நானும் வந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் தூங்கின பிறகு எழுதுகிறேன். எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். வருகிறது.

முதல் வேலை, பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனிப் பெண்களுக்காகக் கட்டும் ஹாஸ்டல். ஓனர் இரண்டு முறை மனசு மாற்றியாகிவிட்டது. மாற்றினால் எங்களுக்கு ஸ்ட்ரெட்ச் வேலை. மாற்ற வேண்டிய பக்கத்தின் மேல் வலமிருந்து இடமாக ஒரு பச்சைக் கட்டம் இழுக்க வேண்டும். கட்டத்துக்குள் முழுசாக இருப்பது நகரும். கட்டம் குறுக்கே வெட்டுவது நீளும். வெளியே இருப்பது அசையாது. அளவு எண்ணும் தானே மாறிக்கொள்ளும், யாரும் அதைக் கையால் அடித்து வைக்காத வரை. கையால் அடித்த எண் பிடிவாதக்காரப் பிள்ளை. கோடு எங்கே போனாலும் அது முதலில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கையால் அடிப்பதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு வேதவாக்கே உண்டு. சார் சொல்வார்: "கோடு ஓனருக்கு, எண்ணு ஆபீசுக்கு." அனுமதி வாங்கியது ஓர் அளவு, ஓனர் கேட்பது ஓர் அளவு. ஓனர் கேட்டபடி கோட்டை இழுத்துவிட்டு, எண்ணை மட்டும் அனுமதி வாங்கினபடி அடித்துவிடுவோம். பீமும் கம்பியும் வேறு லேயரில், அதாவது படத்தின் மேல் போட்ட இன்னொரு கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும். அந்த லேயரை அணைத்து வைத்துவிட்டுச் சுவர்களை மட்டும் இழுப்போம். இது ஆபீஸ் செட், அனுமதி கொடுக்கும் ஆபீஸுக்குப் போவது. கொத்தனார், மேஸ்திரி கைக்குப் போவது சைட் செட். அதில் எல்லாம் நிஜ அளவு, நிஜக் கம்பி. இரண்டையும் கலக்கக் கூடாது.

பாலாடையில் பால் கொடுத்துப் பார்த்தேன். பீய்ச்சி எடுத்தது நாற்பது மில்லி. பாலாடையின் மூக்கு உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பதும் ஜாக்கெட்டில்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எடை 5.6 கிலோ. நவநீதன் "அதான் நல்லா இருக்காளே" என்றார். அவருக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 14, புதன்

ஊசி நாள். மூன்றாவது தவணை. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை. நர்ஸக்கா "காய்ச்சல் வரும், பயப்படாதீங்க" என்றார். பயப்படாதே என்றால் எப்படிப் பயப்படாமல் இருப்பது. இரண்டு தொடையிலும் குத்தினார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு நொடி சத்தமே இல்லாமல் அழுதாள் பாருங்கள், அந்த ஒரு நொடி.

வீட்டுக்கு வந்தால் ஓனர் மூன்றாவது முறை மனசு மாற்றியிருக்கிறார். முதல் மாடி வராந்தா தூண் இல்லாமல் வெளியே நாலடி நீள்வது. அதை அஞ்சரை அடி ஆக்க வேண்டுமாம். பெண்கள் தங்கள் பெட்டிகளை வராந்தாவில் அடுக்கிக்கொண்டால் அறைக்குள் இன்னொரு கட்டில் போடலாம். சார் உடுமலை சைட்டில் இருந்து போனில், "ரெண்டு செட்டும் பண்ணிரும்மா. அஞ்சரைக்குக் கம்பிக் கணக்கு மாறும், நான் போட்டு அனுப்பறேன்" என்றார்.

மூன்று மணிக்குள் வேண்டும் என்று சைட்டில் இருந்து ஆறு போன். மகிழினி உடம்பு அடுப்பு மாதிரி. 101.2. மடியில் போட்டுக்கொண்டே இடது கையால் வேலை. ஆபீஸ் செட் முடித்து, சைட் ஆட்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். சைட் செட் நாளைக்கு.

காய்ச்சல் சொட்டு மருந்து: 1.15, 7.20. சார் கம்பிக் கணக்கை நோட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நாளைக்குப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

100.4. 99.8. மறுபடி 101. கொடி ஏற்றுகிற சத்தம் பள்ளிக்கூடத்தில் இருந்து. வேலை எதுவும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

காய்ச்சல் இல்லை. சிரித்தாள். நான்தான் அழுதேன்.

சார் காங்கேயத்தில் ஒரு வீட்டு பிளான் அனுப்பியிருக்கிறார், அவசரமாம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஹாஸ்டல் சைட் சென்ட்ரிங் மேஸ்திரி காளியப்பன் போன் செய்தார். பலகை அடிப்பது, கம்பி கட்டுவது எல்லாம் அவருடைய ஆட்கள். ஆபீஸுக்கு வரும்போதெல்லாம் காகிதத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் படிப்பார், அவ்வளவு பழக்கம்.

"அம்மிணி, கொழந்த நல்லா இருக்குதுங்களா?"

"இருக்கா மேஸ்திரி. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க, அந்த வராந்தா. எண்ணு நாலுன்னு போட்டிருக்குது. ஸ்கேல வெச்சுப் பாத்தா அஞ்சரை வருதுங்க."

மகிழினி எழுந்து அலறத் தொடங்கியிருந்தாள். நான் சிரித்துவிட்டேன். "மேஸ்திரி, காகிதத்துல மூலையில என்ன எழுதியிருக்கு? படிங்க."

அவரும் சிரித்தார். "எழுதிய அளவே செல்லும். ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது."

அது நான் எழுதியது. எல்லாக் காகிதத்திலும் ஆங்கிலத்தில் இருந்ததை, மேஸ்திரிகளுக்குப் புரியட்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் தமிழாக்கிக் கொடுத்தேன். சார் ஆபீஸில் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அச்சடிக்கும்போது காகிதம் சுருங்கும், நீளும். கோட்டை நம்பக் கூடாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும். படித்தவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

பால்: 11.50, 2.05, 4.30.

ஆகஸ்ட் 24, சனி

ஹாஸ்டல் முதல் மாடித் தளம் கான்கிரீட் போட்டாயிற்று. குரூப்பில் பிரியாணிப் படம்.

செப்டம்பர் 2, திங்கள்

குப்புற விழுந்தாள்! தொட்டிலில் இனிப் போடவே பயமாக இருக்கிறது. தரையில் பாய், சுற்றிலும் தலையணை. நான்கு பக்கமும் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்ததை நவநீதன் பார்த்துவிட்டார். "இதுக்கும் ஒரு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிரு" என்றார்.

செப்டம்பர் 13, வெள்ளி

சார் காலை பத்தே காலுக்குக் கூப்பிட்டார்.

"சிந்துஜா, எங்கம்மா இருக்க?"

"வீட்லதான் சார்."

"உக்காந்துக்கோ."

மேல் வராந்தாவுக்குக் கீழே கொடுத்திருந்த முட்டுக் கம்புகளை எடுக்க எடுக்க, தளம் சுவரோரம் விரிசல் விட்டு அப்படியே மடங்கி இறங்கிவிட்டதாம். கைப்பிடிச் சுவர் கட்ட மேலே கல் வேறு அடுக்கியிருந்தார்கள். கீழே நின்று கடைசி முட்டுக் கம்பைத் தட்டிக்கொண்டிருந்தவர் பூபதி. மேஸ்திரியின் மனைவியுடைய தம்பி. இருபத்தேழு வயது.

"ஆஸ்பத்திரிக்கா சார்?"

"இல்லம்மா. எடுக்கறதுக்குள்ளயே…"

மேஸ்திரியைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது.

பால்: 10.40, 1.00, 3.15, 5.30. 3.15க்குக் கொடுத்தபோது அவள் குடிக்கிறாளா என்று நான் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 14, சனி

பேப்பரில் நாலாம் பக்கம் போட்டிருக்கிறார்கள். 'கவனக்குறைவு, சென்ட்ரிங் மேஸ்திரி கைது.' நவநீதன் படித்துவிட்டு, "உனக்கென்ன? நீ கம்ப்யூட்டர்ல கோடு போடறவ. கம்பிய எண்ணறது உன் வேலையா?" என்றார்.

இல்லை. கம்பி என் வேலை இல்லை. பீம் ஷீட்டை நான் தொடவே இல்லை. அந்த லேயர் அணைந்தே இருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

சார் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்புப் பழம் வாங்கி வந்திருந்தார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை போல. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மகிழினியை மடியில் வாங்கிக்கொண்டார். அவளும் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அன்னைக்கு குரூப்புல எந்த செட்டும்மா போட்ட?"

நான் பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"நானும் தளம் போடறன்னைக்கு வந்து கம்பிய எண்ணியிருக்கோணும். மச்சினன் வூட்டுக் கல்யாணம்னு கோபிக்குப் போயிட்டேன். என்ற தப்பும் இருக்குது. இல்லைங்கல."

"சார், இப்ப என்ன பண்றது?"

"குரூப்புல போட்டத அழிச்சுட்டேன். நாந்தான் அட்மினு. நீ இப்ப சைட் செட்ட ரெடி பண்ணிரு. அஞ்சரை அடி, நான் அனுப்புன கணக்குப்படி கம்பி, எல்லாம். தேதி ஆகஸ்ட் பதினாறு. அன்னைக்கே குடுத்துட்டோம், மேஸ்திரிதான் பழைய காகிதத்த வெச்சு வேல செஞ்சுட்டாரு. அவ்வளவுதான்."

"அவர் உள்ள இருக்காரே சார்."

"அவனுக்கு பெயில் நாம்பளே எடுத்துக் குடுக்கலாம். வழக்கு இழுக்கும், பத்து வருசம். நான் உள்ள போனா ஆபீஸ்ல ஆறு பேரு நடுத்தெருவுல. நீ உள்ள போனா…" மகிழினி விரலில் இருந்து பேனாவை மெதுவாக எடுத்து, மூடி போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டார். "பேனா மூடி தொண்டையில சிக்கிக்கும். பாத்துக்கம்மா."

செப்டம்பர் 17, செவ்வாய்

செய்து அனுப்பிவிட்டேன்.

சாரின் கம்பிக் கணக்கை முதல்முறை திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் 14ஆம் தேதி அனுப்பியது. தளத்தின் கனத்தைக் கூட்டியிருந்தார். மேல் கம்பி இன்னும் தடிமன், இன்னும் நெருக்கம், உள்ளே இன்னும் நீளமாக. அடியில் சிவப்பு மையில்: 'சிந்துஜா, மேல் கம்பி முக்கியம்.'

எல்லா லேயரையும் போட்டேன். பச்சைக் கட்டத்தை இழுத்தேன். சுவர், தளம், பீம், கம்பி எல்லாம் ஒன்றாக நீண்டன. எண் நாலிலிருந்து தானே அஞ்சரை ஆயிற்று. கம்பி அட்டவணையை மாற்றினேன். தேதி அடித்தேன். ஆரம்பிக்கும்போது மணி பார்த்திருந்தேன். முடிக்கும்போதும் பார்த்தேன்.

பதினொரு நிமிடம்.

செப்டம்பர் 19, வியாழன்

கணக்குப் போட்டேன். நாலடிக்கும் அஞ்சரைக்கும் ஒன்றரை அடிதான் வித்தியாசம் என்று தோன்றும். வெளியே நீள்கிற தளத்தில் அது அப்படி இல்லை. அஞ்சரையை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்க வேண்டும். 1.89. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுப்பு. அதன்மேல் கல். நாலடிக்கான கம்பி எப்படித் தாங்கும்? முதல் வருட மாணவிகூடச் சொல்வாள்.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆகஸ்ட் 22. 'அவரும் சிரித்தார்' என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகும் பேசினார். பிள்ளை அழுததால் எழுத விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். விட்டுப்போகவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"அதில்லீங்கம்மிணி. ஓனரு இங்கயே நிக்கறாரு. அஞ்சரைக்குப் பலகை அடிங்கறாரு. கம்பி அட்டவணையில நாலுன்னு இருக்குது. கம்பிய எதுக்குக் கட்டட்டும்?"

"எழுதியிருக்கறதுதான் மேஸ்திரி. எத்தன வாட்டி சொல்றது?"

"அப்ப கம்பி நாலுக்கேங்களா?"

"ஆமாங்க."

"செரிங்கம்மிணி. கொழந்தயப் பாருங்க, அழுகுது."

ஓனர் சொன்னபடி பலகை. நான் சொன்னபடி கம்பி. மனுஷன் இரண்டு பேர் சொன்னதையும் செய்திருக்கிறார்.

போனில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது. காலை 11.40. மூன்று நிமிடம் ஐம்பது நொடி.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று ஓரத்தைப் பிடித்தேன். பின்பக்கத்தில் மகிழினி முதன்முதல் குப்புற விழுந்த தேதி இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஜவுளிக்கடைப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"எஞ்சினியர் ஆபீஸ் அம்மிணி வூடு இதுங்களா? நான் காளியப்பன் மேஸ்திரி சம்சாரமுங்க. துளசிமணி."

உட்காரச் சொன்னேன். நாற்காலி வேண்டாம் என்று பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார், தலையணை வேலிக்குப் பக்கத்தில். மகிழினி அவர் வளையலைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். கழற்றி அவள் கையில் கொடுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "வாயில வெச்சுக்குமுங்களா?"

"வச்சுக்குவா."

"அப்ப வேண்டாங்க." கையையே நீட்டினார். மகிழினி விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். எங்கள் காகிதம். சிமெண்டுக் கறை, நாலாக மடித்த இடமெல்லாம் நைந்து போயிருந்தது. ஆபீஸ் செட்.

"என்ற வூட்டுக்காரரு எதையும் காகிதத்துலயே குறிச்சு வெச்சுக்குவாருங்க. ஆரு என்ன சொன்னாங்க, எப்பச் சொன்னாங்கன்னு. பொறவு பேச்சு வந்துருமுன்னு. இது வண்டிப் பெட்டியில இருந்துச்சு. லாயரு இருக்கற காகிதமெல்லாம் கொண்டாங்கன்னாரு. அதுக்கு முன்ன செயிலுக்குப் போயி இவரக் கேட்டனுங்க, இது என்னன்னு. 'ஆபீஸ் அம்மிணிகிட்டக் கொண்டுபோயிக் காட்டு. அவிய பாத்தாத் தெரிஞ்சுக்குவாங்க'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலீங்க."

வராந்தாவின் பக்கத்தில், நான் அடித்த நாலுக்கு நேராக, தச்சுப் பென்சிலில் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'எழுதுன அளவுதான். கம்பி நாலுக்கு. அம்மிணி சொன்னது. 22/8. 11.40.'

"எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்தனுங்க. எந்த அம்மிணின்னு தெரியல. அவரு எல்லாத்தையும் அம்மிணின்னுதான் கூப்புடுவாரு. என்னைக்கூட."

நான் சொன்னேன்: "வச்சுட்டுப் போங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

வைத்துவிட்டுப் போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "எங்க பூபதிக்கும் தை மாசம் கல்யாணமுன்னு இருந்துச்சுங்க."

செப்டம்பர் 25, புதன்

காகிதம் அலமாரியில், மகிழினியின் ஊசி அட்டைக்குக் கீழே.

செப்டம்பர் 27, வெள்ளி

பாலாடையில் மறுபடி முயன்றேன். ஐந்து மில்லி போயிருக்கும். இருமினாள். நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. பாலாடை: பத்து மில்லி.

அக்டோபர் 1, செவ்வாய்

சார் கூப்பிட்டார். சைட் செட்டைப் போலீஸிடம் கொடுத்தாயிற்றாம். "ஒரு பிரச்சினையும் இல்லம்மா, நீ நிம்மதியா இரு." அடுத்த வேலை அனுப்பியிருக்கிறார். மாடிப்படியை ஓர் அடி தள்ள வேண்டும். பச்சைக் கட்டத்தை இழுத்துவிட்டு மவுஸைக் கிளிக் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எதை விட்டுவிட்டேன், எதை விட்டுவிட்டேன் என்று. அப்படியே மூடிவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

நவநீதனிடம் எல்லாம் சொன்னேன். காகிதத்தையும் எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிழிச்சுப் போடு. ஒரு துண்டுக் காகிதம்."

"துண்டு இல்லீங்க. இவ்ளோ பெருசு இருக்கு."

"வெளையாடாத சிந்து. அஞ்சு மாசக் கொழந்த."

"அந்த அக்கா இங்க வந்து இவ விரலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

"அதுக்கு? நீ போயி நான்தான்னு சொன்னா செத்தவன் வந்துருவானா?"

"மேஸ்திரி வெளிய வருவாரு."

"நீ உள்ள போவ."

"போனா பாத்துக்கலாம்."

"யாரு பாத்துக்கறது? இவள யாரு பாப்பா?"

"நீங்க."

"பாலு?"

அவர் எழுந்து போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் யாராவது வண்டி துடைப்பார்களா?

திரும்பி உள்ளே வந்தவர் தலையைத் துவட்டாமலே கேட்டார்: "அந்தப் பாலாடைய எப்படிப் புடிக்கறது? சாய்ச்சா, நேராவா?"

அக்டோபர் 5, சனி

மகிழினியை நவநீதனிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். அவள் பிறந்த பிறகு நான் தனியாக பஸ் ஏறியது இதுதான் முதல். மடி காலியாக இருந்தது. டிக்கெட்டை அந்த இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டு வீடு. வாசலில் சென்ட்ரிங் பலகைகள் அடுக்கியிருந்தன, கயிற்றில் பூபதியின் சட்டை ஒன்று. இன்னும் எடுக்கவில்லை போல. காகிதத்தைத் துளசிமணியக்கா கையில் கொடுத்தேன்.

"அந்த அம்மிணி நான்தாங்க."

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தப்பான காகிதத்த அனுப்புனதும் நான். அவரு போன் பண்ணிக் கேட்டாரு. கம்பி நாலுக்குன்னு நான்தான் சொன்னேன். சரியாக் கேக்காமயே சொல்லிட்டேன். இப்பப் போலீஸ்ல குடுத்திருக்கற காகிதம் பொறகு வரைஞ்சது. அதும் நான்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நின்றிருப்பேன். காகிதத்தை மடித்த தடத்திலேயே திரும்ப மடித்தார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா? நான் வந்தன்னைக்கு?"

"தெரியும்."

"பத்து நாளாச்சுங்க." குரல் உயரவே இல்லை. "பதினொண்ணு. நான் தெனமும் போனப் பாத்துட்டு இருந்தேன். அவரு செயில்ல கேட்டாரு, அம்மிணி என்ன சொன்னாங்கன்னு. பாத்துட்டுச் சொல்றேன்னாங்கன்னு சொன்னேன். 'அப்ப செரி, சொல்லுவாங்க'ன்னாரு."

மடித்த காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணோணும்? நீங்க வந்து லாயருகிட்டச் சொன்னாப் போதுமுங்களா?"

"வாயில சொன்னாப் போதாதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். எழுதுனதுதான் செல்லும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் முகம் மாறவில்லை. உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு, அதே ஜவுளிக்கடைப் பையோடு வந்தார்.

"அப்ப வாங்க. எழுதுங்க."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கடைசிவரை திரும்பவில்லை.

லாயர் அறையில் மூன்று பக்கம் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து.

வீட்டுக்கு வரும்போது ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. மகிழினி பாலாடையில் இருபது மில்லிதான் குடித்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

சார் போன் செய்தார். நான் எடுத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "கொழந்த எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பாலாடை: காலை 30, மதியம் 45, மாலை 60. அழுகை குறைந்திருக்கிறது. என் முகம் தெரிந்தால் வாயை மூடிக்கொள்கிறாள். நவநீதன் கொடுத்தால் பரவாயில்லை.

அக்டோபர் 7, திங்கள்

நாளை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை என்கிறார்கள். முடிந்ததும் அனுப்பிவிடலாம், அனுப்பாமலும் இருக்கலாம் என்கிறார் லாயர்.

பீய்ச்சி ஃப்ரிட்ஜில் ஆறு டப்பா. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், அளவு எழுதி ஒட்டியிருக்கிறேன். பழையதை முதலில் எடுக்க வேண்டும். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீரில் வைக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும். தலை உயர்ந்திருக்க வேண்டும். குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம். எல்லாவற்றையும் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டினேன். நவநீதன் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதுல எதாச்சும் டவுட்டுன்னா யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டார். நான் பேனாவை எடுத்து 'ஏப்பம்' என்ற வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டேன்.

இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆகஸ்ட் 14, ஆகஸ்ட் 22, செப்டம்பர் 17, 19. நான்கு பக்கத்தின் ஓரத்தையும் மடித்து வைத்திருக்கிறேன். நடுவே பால் நேரங்களும் இருக்கின்றன. அவர்கள் படித்தால் படிக்கட்டும்.

ஆறு மணிக்கு நவநீதன் பால் கொடுத்தார். என் வாசம் தெரியக் கூடாது என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவிடுக்கில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. ஆட்டிக்கொண்டே இருந்தாள். விழுங்குகிற சத்தத்தை எண்ணினேன். நடுவில் அழுகை வரும் வரும் என்று காத்திருந்தேன்.

தொண்ணூறு மில்லி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என்னைத் தேடவும் இல்லை.